மோட்டார்க் காப்புறுதி: தெரிவும் தெளிவும்

தமிழாசிரியன் ஒருவன் இலக்கணமோ இலக்கியமோ பற்றி எழுதுதலே வழக்கு. இம்மலருக்குக் கட்டுரை வேண்டிய மலர்க்குழுவினரும் என்னிடம் அதனையே எதிர்பார்த்திருப்பர். எனினும், பரிசளிப்பு விழா நாளிற் கல்லூரி முற்றத்தில் நிரை நிரையாக நிற்கும் கார்களைக் காணுந்தோறும் என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. இவற்றின் சொந்தக்காரருள் எத்தனை பேர் தத்தம் காப்புறுதிப் பத்திரத்தை முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறையேனும் வாசித்திருப்பர்? கட்டணத்தைச் செலுத்தி, அட்டையைப் பெற்று, காரின் பெட்டகத்துள் வைத்துவிட்டு அதனை மறந்திருப்போரே பலர். நானும் ஒரு காலத்தில் அவருள் ஒருவன். வாசியாமைக்கு நான் கொடுத்த விலை சிறிதன்று. அவ்விலையைப் பிறரும் கொடுத்தல் வேண்டாம் என்னும் எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

நிகழ்ந்தது இது. 2016ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஒருநாள் விடியற்காலை, என் தந்தையார் விட்டுச்சென்ற ஒஸ்ரின் ஏ-40 காரிற் காங்கேசன்துறை வீதி வழியே சென்றுகொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வாழைக்குலைகளைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் புறப்பட்ட ஒருவர் ஓர் ஒழுங்கையினின்றும் வீதிக்கு ஏறினார். பிறேக்கை அழுத்தினேன், ஈரத்தெருவிற் கார் வழுக்கி அவரை மோதிற்று. அவருடைய கால் முறிந்தது. அவரை உடனே ஆஸ்பத்திரியிற் சேர்ப்பித்துப் பொலிசாருக்கும் அறிவித்தேன். இதுவரை நான் செய்தவை சரியானவையே.

மறுநாள் அவருடைய வீட்டுக்குச் சென்றேன். அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் திண்ணையில் இருந்தனர். அவர்தம் நிலையைக் கண்டு மனம் பொறாது, "பிழை என்னுடையதே, செலவு முழுவதையும் நானே தருவேன்" என்றேன். அம்மட்டோடு நில்லாது, அயலவர் கேட்டபடி அதனை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமும் இட்டுக் கொடுத்தேன். காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தது ஒன்பதாம் நாளிலே. சில கிழமைகளின் பின் நிறுவனத்தின் பதில் வந்தது. நிறுவனத்தின் எழுத்துமூலமான சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்றலும் பணந்தர வாக்களித்தலும் பத்திரத்தின் நிபந்தனைக்கு மாறானவை என்றும், அறிவித்தலும் காலந்தாழ்த்தது என்றும், ஆதலால் என் கோரிக்கையை ஏற்பதற்கில்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அன்றுதான் பத்திரத்தை எடுத்து வாசித்தேன். நிபந்தனை அங்கே தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. எழுதிக்கொடுத்த சொல்லைக் காத்தல் வேண்டுமன்றோ? 14 மாதம் என் வேதனத்தில் ஒரு பங்கு அவ்வீட்டுக்குச் சென்றது.

அந்த 14 மாதங்களிற் கற்ற பாடத்தையே ஈண்டு வகுத்துக் கூற முயல்கின்றேன்.

மூவிடமும் மூன்று தரப்பும்

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களைக் கீழ் வகுப்பிலேயே மாணவருக்குக் கற்பிக்கின்றோம். காப்புறுதியிலும் இம்மூவிடமும் உண்டு. காப்புறுதி செய்யும் நாம் தன்மை. நம்மோடு ஒப்பந்தஞ் செய்யும் நிறுவனம் முன்னிலை. ஒப்பந்தத்தில் யாதொரு பங்குமின்றித் தெருவிற் செல்லும் ஏனையோர் அனைவரும் படர்க்கை. 'மூன்றாந் தரப்பு' என்று பத்திரங்கள் குறிப்பிடுவது இப்படர்க்கையாரையே.

நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாந் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அக்காப்புறுதி இல்லாது பெருந்தெருவில் எவரும் மோட்டார் வண்டியைச் செலுத்தலாகாது. ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறச் செல்லும்போது காப்புறுதிச் சான்றிதழையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காட்ட வேண்டியிருப்பதை யாவரும் அறிவர். நம் கார் நசுங்கினால் அரசுக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் நம் காரினால் ஓர் ஏழையின் உயிரோ உறுப்போ கெட்டால், நட்டஈடு பெற வழியின்றி அவன் குடும்பம் தெருவில் நிற்றலாகாது என்பதே சட்டத்தின் கருத்து. நமக்கெதிராக நீதிமன்றம் தீர்ப்பளிக்குமிடத்து, சட்டம் வகுத்த வரம்புகளுக்கு உட்பட்டு, அப்பணத்தை நிறுவனமே காயமுற்றவருக்குச் செலுத்தும் கடப்பாடும் சட்டத்தில் உண்டு. ஆயின், வழக்குப் பற்றிய அறிவித்தல் நிறுவனத்துக்கு உரிய காலத்திற் சென்றிருத்தல் வேண்டும். வாழைக்குலை கொண்டுசென்றவர் வழக்குக்குச் செல்ல விரும்பவில்லை. இவ்வழி உண்டென்பதை அன்று நானும் அறியேன்.

இருவகைக் காப்புறுதி

தனியார் காருக்குரிய காப்புறுதி பொதுவாக இரு வகைப்படும். முதலாவது மேலே கூறிய மூன்றாந் தரப்புக் காப்புறுதி. இதன் கட்டணம் சிறிது. பிறருக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்குமான நம் பொறுப்பை இது ஏற்கும். பிறருடைய மதிலுக்கோ வண்டிக்கோ நேரும் சேதத்தையும் பல பத்திரங்கள் ஒரு குறித்த தொகைவரை ஏற்கின்றன. அத்தொகை யாதென்பதைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். நம் காருக்கு நேரும் சேதத்துக்கு இதனால் ஒரு சதமும் கிடையாது. காரினுள் நம்மோடு வரும் உறவினரும் நண்பரும் தாமாகவே இதில் அடங்குவர் என்று எண்ணிவிடலும் தவறு. அவருக்குரிய காப்பு உண்டா என்று கேட்டறிந்து, இல்லையெனின் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, 'புல் இன்சூரன்ஸ்' என்று வழக்கிற் கூறப்படும் விரிவான காப்புறுதி. முதலாவதில் அடங்கியவற்றோடு, மோதல், தீ, களவு என்பவற்றால் நம் காருக்கு நேரும் சேதத்தையும் இது ஏற்கும். 'முழுமை' என்ற பெயரைக் கேட்டு எல்லாம் இதில் அடங்கும் என மயங்குதல் கூடாது. வெள்ளம் முதலிய இயற்கை இடர்களும், வேலைநிறுத்தம், கலகம், பயங்கரவாதம் என்பவற்றால் வருஞ் சேதமும் பெரும்பாலும் மேலதிகக் கட்டணஞ் செலுத்திச் சேர்க்கப்படுபவை. 1983ஆம் ஆண்டில் எரிந்த வாகனங்களையும் வீடுகளையும் நினைவில் வைத்திருக்கும் நம்மவருக்கு இவ்வரியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கலகம், பயங்கரவாதம் பற்றிய காப்புக்கென அரசின் நிதியம் ஒன்று அதன் பின்னரே அமைந்தது. இன்று அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பில் உள்ளது. வவுனியாவுக்கோ கொழும்புக்கோ அடிக்கடி காரிற் செல்வோரும், மாரியில் வெள்ளம் நிற்கும் தாழ்ந்த இடங்களில் வசிப்போரும் இம்மேலதிகக் காப்புகள் தம் பத்திரத்தில் உள்ளனவா என்று பார்ப்பாராக.

இவ்விரண்டனுள் எதனைத் தெரிதல் வேண்டும்? கார் முற்றாக அழிந்தாலும் தம் கைப்பணத்தால் அவ்விழப்பைத் தாங்கவல்லவர், அல்லது விலை மிகக் குறைந்த பழைய காரை உடையவர், மூன்றாந் தரப்புக் காப்புறுதியோடு அமையலாம். கடன்பட்டுக் கார் வாங்கியவரும், அதனையே தொழிலுக்கு நம்பியிருப்பவரும் விரிவான காப்புறுதியை நாடுதலே தக்கது. லீசிங் முறையில் வாங்கிய காராயின், விரிவான காப்புறுதியை அந்நிறுவனமே வற்புறுத்தும். கார் முற்றாக அழிந்தவிடத்து நட்டஈட்டில் முதற்பங்கு அந்நிறுவனத்துக்கே செல்லும்.

காப்புறுதித் தொழில் அரசின் தனியுரிமையாய் இருந்த காலமும் நம் நாட்டில் உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திடமே அக்காலத்தவர் செல்ல வேண்டியிருந்தது. 1980களின் பிற்பகுதியில் தனியார் நிறுவனங்களுக்கு மீண்டும் வாயில் திறக்கப்பட்டது. ஆதலால் இன்று நமக்குத் தெரிவு உண்டு. தெரிவு உள்ளவிடத்து ஆராய்ச்சியும் வேண்டும். கட்டணத்தை மட்டும் ஒப்பிடுதல், நூலின் விலையைப் பார்த்து அதன் சிறப்பை மதிப்பது போலாகும்.

பெறுமதி கூறுமிடத்து

விரிவான காப்புறுதியில் நாம் மிகுதியும் தவறுமிடம் காரின் பெறுமதியைக் குறிப்பிடுவதே. கட்டணம் குறையும் என்னும் ஆசையாற் சிலர் பெறுமதியைக் குறைத்துக் கூறுவர். பலர் ஆண்டுதோறும் பழைய தொகையையே மாற்றாது புதுப்பிப்பர். பெறுமதிக்குக் குறைவாகக் காப்புறுதி செய்தவர் அக்குறைவின் விகிதப்படி இழப்பில் ஒரு பங்கைத் தாமே சுமத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 2019இல் 25 இலட்சம் ரூபாவுக்குக் கார் வாங்கி அத்தொகைக்கே காப்புறுதி செய்தார் என்க. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை 2025ஆம் ஆண்டிலேயே நீங்கிற்று. இடைப்பட்ட காலத்திற் பழைய கார்களின் விலை வெகுவாக ஏறியதை யாவரும் அறிவோம். நம் நண்பரின் காரும் 50 இலட்சம் பெறுமதியுடையதாயிற்று. பத்திரத்தில் மட்டும் 25 இலட்சமே இருந்தது. விபத்தொன்றில் 4 இலட்சம் ரூபா சேதம் நேர்ந்தது. அவருக்கு 4 இலட்சமும் கிடைக்குமா? கிடையாது. பெறுமதியிற் பாதிக்கே காப்புறுதி செய்தாராதலின், 2 இலட்சமே கணக்கில் வரும். மீதியைத் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும். அவர் பொய்யொன்றும் கூறினாரல்லர். பழைய தொகையைத் திருத்தாது விட்டதே அவர் செய்த தவறு.

பெறுமதியைக் கூட்டிக் கூறுதலாலும் பயனில்லை. இழந்ததை ஈடுசெய்தலே காப்புறுதியின் நோக்கம்; இழப்பினால் இலாபம் பெறுவித்தல் அன்று. 50 இலட்சம் பெறுமதியான காருக்கு 60 இலட்சம் எனக் குறித்துக் கட்டணஞ் செலுத்தினாலும் பொதுவாகக் கிடைப்பது சந்தைப் பெறுமதியே. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்களை வைத்திருப்போர் மட்டும், தகுந்த மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் பெற்று, பெறுமதியை நிறுவனத்தோடு முன்னரே எழுத்தில் உடன்படுத்திக்கொள்ளல் நன்று.

மறையாது கூறல்

கார் நம்மிடம் உள்ளது; அதன் வரலாற்றை அறிந்தவரும் நாமே. நிறுவனம் நம் சொல்லை நம்பியே கட்டணத்தை நிர்ணயிக்கின்றது. ஆகவே, விண்ணப்பப் படிவத்திற் கேட்கப்படுபவற்றுக்கு உண்மையான விடை அளித்தலோடு, நிறுவனத்தின் முடிவை மாற்றக்கூடிய செய்தி எதனையும் மறையாதிருத்தலும் நம் கடன். இது பழைய கோட்பாடு. 1766இல் இங்கிலாந்தில், சுமாத்திராத் தீவின் கோட்டையொன்று பகைவர் கைப்பட்டமை பற்றிய காப்புறுதி வழக்கொன்றில், மான்ஸ்பீல்ட் பிரபு என்னும் நீதிபதி இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். அவ்வழக்கில் வென்றவர் காப்புறுதி செய்த கோட்டை ஆளுநரே என்பதும் அறியத்தக்கது. நிறுவனத்தார் தாமே அறிந்ததையும் அறியவேண்டியதையும் பின்னர்க் காரணங்காட்டித் தப்பலாகாது என்று நீதிபதி கொண்டார். எனவே, உண்மை பேசும் கடமை இரு தரப்புக்கும் உரியது.

நம் பகுதியில் ஒரு வழக்கம் பரவியுள்ளது. கார் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும். பெயர் மட்டும் மாறாது. பழைய சொந்தக்காரரின் கையொப்பம் இட்ட தாள்களை வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்காகக் கார் ஓடும். கார் கைமாறியதனாற் காப்புறுதியும் உடன் கைமாறியது என்று கொள்ளற்க. கார் வாங்கிய நாளிலேயே பெயர்மாற்றத்தையும் காப்புறுதியையும் ஒழுங்குசெய்தல் வேண்டும்.

விதியும் புறனடையும்

இலக்கண நூலில் விதியை மட்டும் கற்றுப் புறனடையைக் கல்லாதவன் பிழைபட எழுதுவான். பத்திரத்தின் முதற்பக்கம் விதி. 'இவற்றுக்குப் பொறுப்பில்லை' என்று தொடங்கும் பகுதி புறனடை. வழக்கமாகக் காணப்படும் புறனடைகள் சில வருமாறு:

1. உரிய சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவர் காரை ஓட்டியமை. பழகும் மருமகனிடம் காரைக் கொடுக்குமுன் இதனை நினைக்க.

2. மதுபோதையில் ஓட்டியமை.

3. தனியார் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த காரைக் கூலிக்கு ஓட்டியமை. அயலவரைக் கலியாண வீட்டுக்கு ஏற்றிச்சென்று எண்ணெய்ச் செலவென்று பணம் பெறுதலும் கேள்விக்கு இடமாகலாம்.

4. தேய்மானம், இயந்திரப் பழுது, கவனியாது விட்டதனால் வந்த கேடு.

5. சொந்தக்காரர் மட்டுமே ஓட்டுவார் எனக் கூறிக் கட்டணங் குறைத்துப் பெற்றபின் பிறர் ஓட்டியமை.

பழைய காருக்குப் புதிய உறுப்புப் பூட்டுமிடத்து, புதியதன் விலையில் ஒரு பங்கைத் தேய்மானம் எனக் கழித்தலும் உண்டு. எத்தனை ஆண்டுக் காருக்கு எவ்வளவு கழிக்கப்படும் என்பதைக் கட்டணஞ் செலுத்துமுன் கேட்க. வாய்மொழியை நம்பாது எழுத்திற் பெறுக.

கழிவும் கணக்கும்

ஓராண்டு முழுவதும் நட்டஈடு கோராதவருக்கு அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் ஒரு கழிவு உண்டு. 'நோ கிளெய்ம் போனஸ்' என்று வழங்கும் இக்கழிவு ஆண்டுதோறும் வளர்வது. 'எக்ஸெஸ்' எனப்படுவது வேறு. ஒவ்வொரு சேதத்திலும் சொந்தக்காரர் தாமே ஏற்கும் முதற்றொகை அது.

கழிவுக்கு முந்திய கட்டணம் 100,000 ரூபா, கழிவு நூற்றுக்கு 30, எக்ஸெஸ் 10,000 ரூபா என்று கொள்வோம். மதிலில் உராய்ந்து 25,000 ரூபா சேதம் நேர்ந்தது. கோரினாற் கிடைப்பது 15,000 ரூபா. கழிவு முற்றாக நீங்குமாயின் அடுத்த ஆண்டு மேலதிகமாகச் செலுத்துவது 30,000 ரூபா. கோராது விடுதலே இலாபம் என்பது தெளிவு. ஆயினும், நட்டஈடு கோராவிடினும் விபத்தை அறிவித்தல் வேண்டும். சிறு மோதல் என்று நாம் எண்ணியது, பிறர் ஒருவர் பின்னர் முறையிடும்போது பெரிதாகலாம்.

விபத்து நேர்ந்தவிடத்து

என் தவறு நிகழ்ந்தது இவ்விடத்திலேயே. ஆதலால் இதனை விரித்துக் கூறுவேன். முதலிற் காயமுற்றவரைக் காத்தல். இதற்கு எவர் சம்மதமும் வேண்டுவதில்லை. ஆஸ்பத்திரியிற் சேர்ப்பித்தலோ, உடனிருத்தலோ, வீடு சென்று ஆறுதல் கூறலோ பொறுப்பை ஏற்றலாகாது. இவற்றை எந்த நிபந்தனையும் தடுக்கவில்லை. இரண்டாவது, பொலிசாருக்கும் நிறுவனத்துக்கும் அன்றே அறிவித்தல். நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் காப்புறுதி அட்டையில் இருக்கும். மூன்றாவது, கார் நின்ற இடம், சக்கரத் தடம், தெருவின் நிலை என்பவற்றைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து, கண்டவர் பெயரையும் குறித்துக்கொள்ளல். நான்காவது, பிழை யாருடையது என்று எழுதிக் கொடாமை, தொகை பேசாமை. "நிறுவனத்துக்கு அறிவித்துள்ளேன், உமக்குச் சேரவேண்டியது சேர நான் உடனிருந்து உதவுவேன்" என்று கூறலாம். இது உண்மை, அன்பும் உடையது. பத்திரத்துக்கும் மாறன்று. ஐந்தாவது, மதிப்பீட்டாளர் பார்க்குமுன் காரைத் திருத்தாமை.

நிறுவனத்தின் முடிவு நேர்மையன்று எனக் கருதுபவர் முதலில் அந்நிறுவனத்தின் மேலதிகாரிக்கு எழுத்தில் முறையிடல் வேண்டும். அதன் பின்னரும் தீராவிடின், 2005இல் ஏற்படுத்தப்பெற்ற காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ செல்லலாம். ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் திகதியோடு வைத்திருப்பவருக்கே இவ்வழிகள் பயன்படும்.

முடிவுரை

அந்நிறுவனத்தை நான் பழிக்கவில்லை. அச்சிட்ட நிபந்தனையை வாசியாது விட்டவன் நானே. அன்று அம்முற்றத்தில் எழுந்த இரக்கத்தையும் நான் பழியேன்; அது இல்லாதவன் ஆசிரியனாக இருத்தற்கும் உரியனல்லன். பத்திரத்தை முன்னரே வாசித்திருந்தால், அவ்விரக்கம் என் வேதனத்தினின்று சிறுகச் சிறுகச் செல்லாது, நிறுவனத்தின் பணமாய் முழுமையாகவும் விரைவாகவும் அவ்வீட்டைச் சென்றடைந்திருக்கும். வாசியாமையால் இழந்தவன் நான் மட்டுமல்லன், அவரும் இழந்தார். இதனையே இம்மலர் வாயிலாக உங்கள் முன் வைக்க விரும்பினேன். படர்க்கையார் பொருட்டாயினும் பத்திரத்தை வாசித்தல் நம் கடன்.

அவரை இன்றும் சந்தையிற் காண்பதுண்டு. சற்றே சாய்ந்து நடந்து வந்து, "மாஸ்ரர், கார் இப்பவும் ஓடுதோ?" என்று கேட்பார். ஓடுகிறது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் நாளில், கண்ணாடியை அணிந்துகொண்டு மேசையில் அமர்ந்து, அப்பத்திரத்தை முதலிலிருந்து முடிவுவரை வாசித்த பின்னரே கையொப்பம் இடுகின்றேன். அதற்கு ஒரு மணிநேரத்துக்கு மேற் செல்வதில்லை.